உப்புத் தண்ணீரும் அடும்பங்கொடியும்: பாலக்கோட்டு வீட்டுத் தோட்டத்தில் வளருமா?

பாலக்கோடு மேட்டுவீடு (ஜூன் 9)

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகள் நாகப்பட்டினத்தில், கடலுக்கு நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் குடியிருந்தோம். கணவரின் பணி ஓய்வுக்குப் பின் தருமபுரி மாவட்டத்திலுள்ள சொந்த ஊரான பாலக்கோட்டுக்குத் திரும்பி, ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் வீடு கட்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடு அமைந்துவிட்டது, தோட்டம்தான் இன்னும் கைகூடவில்லை.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. பேனா வடிவிலுள்ள சிறு கருவியை நனைத்துப் பார்த்தால் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,650 மில்லிகிராம் என்று காட்டுகிறது. வாளியின் விளிம்பிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போவதில்லை. குடிப்பதற்காக ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். அது தள்ளிவிடும் நீரைச் சாக்கடையில் விட மனம் வராமல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள பாத்தியில் ஊற்றி வருகிறேன். அந்தப் பாத்தியில் வைத்த ஆறு ரோஜாக் கன்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. முதலில் இலையின் ஓரம் காப்பித்தூள் நிறத்துக்கு மாறும், அது மெல்ல உள்நோக்கிக் கருகிக்கொண்டே வரும், கடைசியில் இலை உதிரும். பக்கத்துப் பாத்தியில் குண்டுமல்லி உயிரோடு இருக்கிறது என்றாலும், பூத்தது என்று சொல்லுமளவுக்கு ஒருநாளும் பூக்கவில்லை.

நாகையில் எங்கள் தெரு முடியும் இடத்தில் மணல் தொடங்கும். அங்கே யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், அடும்பங்கொடி பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் முழுக்க விரிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எட்டிப் பார்த்தால் அவை அத்தனையும் சுருண்டிருக்கும். கடற்காற்றின் உப்பையே தாங்கும் கொடிக்கு எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர் எம்மாத்திரம் என்று தோன்றுவதால் இங்கே கேட்கிறேன். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, எங்கள் செம்மண்ணில் அடும்பு வளருமா? வளர்ந்தாலும் பூக்குமா? அதற்கென்று தனியாக உப்புச் சேர்க்க வேண்டுமா? நாகைக்குப் போகும்போது கரையிலிருந்து ஒரு கொடியை வேரோடு எடுத்துவரலாமா? வளர்த்துப் பார்த்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

பாரூர் மாந்தோப்பு (ஜூன் 9)

அம்மா, வணக்கம். அடும்பை நான் வளர்த்ததில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் தோப்பின் கீழ்ப்பகுதியும் உவர் நிலந்தான் என்பதால் அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

எந்தச் செடியை வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், பாத்தியில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி எடுத்து, அதில் தண்ணீரை நிரப்பி, முழுதும் வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, இரண்டாவது முறை வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மாலையில் ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், உங்கள் ரோஜாவைக் கொன்றதில் உப்புக்குப் பாதிப் பங்கு, தேங்கிய நீருக்குப் பாதிப் பங்கு. எங்கள் நிலத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே நீர் இறங்காத சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) படுக்கை இருக்கிறது. அதற்கு மேல் எதை வைத்தாலும் ஒரே கதைதான்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரைக் கொடியைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் ஒடித்து வருகிற ஆவாரை, வரப்பிலும் கரட்டிலும் உவர் மண்ணிலும் தானாகவே நிற்கிறது. முற்றிய காயிலிருந்து விதையை உதிர்த்து, மணலோடு சேர்த்துக் கல்லில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, நேராகப் பாத்தியிலேயே ஊன்றிவிடுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பிழைக்காது. எருக்கும் அப்படித்தான், கடற்கரை மணலிலும் நிற்கும், தருமபுரிச் சாலையோரத்திலும் நிற்கும். வீட்டில் எருக்கு ஆகாது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் எங்கள் பம்பு அறைக்குப் பின்னால் நிற்கும் வெள்ளெருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட்டு, வரிவரியான புழுக்கள் இலையைத் தின்று வளர்வதைப் பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஓடிப் பார்க்கிறார்கள்.

தரங்கைக்காரன், கிருஷ்ணகிரி (ஜூன் 10)

வணக்கம் அம்மா. நான் தரங்கம்பாடிப் பக்கத்தில் பிறந்து, வேலைக்காகக் கிருஷ்ணகிரி வந்தவன். மூன்று ஆண்டுகளாக வீட்டின் முன்புறம் அடும்பு வைத்திருக்கிறேன். வளரும், பூக்கவும் செய்யும். ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை கெடுத்துக்கொண்டேன், அந்த இரண்டையும் சொன்னால் உங்களுக்கு ஓர் ஆண்டு மிச்சமாகும்.

முதல் முறை ஊருக்குப் போக நேரமில்லாமல், இணையத்தில் விற்ற ஒருவரிடம் ‘அடும்பங்கொடி’ என்று ஐந்து குச்சிகள் வாங்கினேன். பூவின் படம் சரியாகவே இருந்தது. மூன்று மாதத்தில் கொடியென்று வாங்கியது நிமிர்ந்து நின்று என் இடுப்பைத் தொட்டது! வந்தது நெய்வேலிக் காட்டாமணக்கு. நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் புதராக மண்டிக் கிடக்கிறதே, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அதே செடிதான், ஆடுமாடு தொடர்ந்து தின்றால் நஞ்சு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், இலையைத்தான் பார்க்க வேண்டும். காட்டாமணக்கின் இலை நீண்டு நுனி கூராக முடியும். அடும்பின் இலையோ தடித்து, நுனியில் உள்நோக்கிப் பிளந்து, இரண்டு மடலாக இருக்கும். சங்கப் புலவர் மானின் அடியோடு ஒப்பிட்டார். அறிவியல் பெயரான ஐபோமியா பெஸ்-காப்ரே என்பதிலுள்ள ‘பெஸ்-காப்ரே’ லத்தீனில் ஆட்டின் கால் என்று பொருள்படும், தமிழிலும் ஆட்டுக்கால் என்ற பெயர் உண்டு. குளம்பு தெரியாத இலையென்றால் வாங்காதீர்கள்.

இரண்டாம் முறை ஊரிலிருந்து நல்ல தண்டுகளையே கொண்டுவந்தேன். வாசலை ஒட்டிய செம்மண்ணில் நட்டு, பாசத்தால் தினமும் நீர் ஊற்றினேன். ஆகஸ்டு, செப்டம்பரில் தழைத்தது. ஐப்பசி மழையில் நான்கு நாள் ஈரம் காயாமல் இருந்தபோது, தண்டு மண்ணைத் தொடும் இடமெல்லாம் கறுத்துக் குழைந்து, இழுத்தால் கையோடு வந்தது. பாரூர் ஐயா சொன்ன குழிச் சோதனையை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஐப்பசியிலேயே தப்பித்திருப்பேன்.

மூன்றாவதாகச் செய்தது இப்போதும் நிற்கிறது. செங்கல்லால் ஒன்றரை அடி உயரத்துக்கு, பத்தடி நீளத்தில் மேட்டுப்பாத்தி கட்டி, அடியில் அரையடி உடைகல் பரப்பி, அதன்மேல் மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து நிரப்பினேன். மணல் என்றால் நம் பக்கம் கிடைப்பது எம்-சாண்ட், அதாவது பாறையை அரைத்துச் செய்யும் மணல். அதை அப்படியே போட்டால் அதிலுள்ள கல்தூசி நீர் பட்டதும் பூச்சுப் போல இறுகிவிடும். ஒரு பழைய கொசுவலையில் கட்டி, கலங்கல் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்த்தேன். எருவே போடவில்லை. கடற்கரை மணலில் சத்து என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இங்கே சாணமும் மண்புழு உரமும் கொட்டினால், இலை கை அகலத்துக்கு வருமே தவிரப் பூ வராது.

தண்டு வெட்டுவது எளிது. முழங்கை நீளத்தில், நான்கு கணுக்கள் இருக்குமாறு, மிக இளசாகவும் மிக முற்றியதாகவும் இல்லாத பகுதியை வெட்டுங்கள். பால் வடியும், அது உலர அரை மணி நேரம் நிழலில் வைத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு சாய்வாக ஊன்ற வேண்டும், ஏனென்றால் வேர் கணுவிலிருந்துதான் விடும். எனக்கு இரண்டு வாரத்துக்குள் துளிர் தெரிந்தது. படரத் தொடங்கியதும் ஒவ்வொரு கணுவும் மணலைத் தொட்ட இடத்தில் தானாகவே வேரூன்றிக்கொள்ளும். இது கம்பத்தைச் சுற்றி ஏறும் கொடி அல்ல, தரையோடு ஓடுவது, ஆகவே பந்தல் போட வேண்டாம்.

விதையிலிருந்தும் வரும், பொறுமை மட்டும் வேண்டும். ஒரு காயில் நான்கு விதைகள் இருக்கும், ஒவ்வொன்றும் பழுப்பு வெல்வெட் போர்த்தியது போல மயிரடர்ந்திருக்கும். கடல்நீரில் மிதந்து கரைக்குக் கரை போகும் விதையாதலால் தோல் நீர் புகாத அளவுக்குக் கெட்டி, அப்படியே ஊன்றினால் மாதக் கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் (தச்சர்கள் மரம் தேய்க்கும் அதே தாள்தான், அடும்புக்கு நாம் கொடுக்க வேண்டிய உப்பு அவ்வளவுதான்) ஒரு பக்கத்தை உள்வெண்மை தெரியும்வரை தேய்த்து, இரவெல்லாம் நீரில் போட்டால், நீர் புகுந்தவை மறுநாள் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். உப்பாததை மறுபடியும் தேய்க்க வேண்டும்.

கரையிலிருந்து வேரோடு எடுப்பது மட்டும் கூடாது அம்மா. மணல்மேட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் கட்டி வைத்திருப்பதே இந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். மேலும், 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளை மிகக் கூடுதலான பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் அந்த இடங்களில்தான். நாகையில் உங்களுக்குத் தெரிந்தவர்களின் வேலியோரம் இருக்கும் கொடியில் மூன்று நான்கு தண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தண்டு ஓராண்டில் பத்தடிக்குப் போய்விடும், ஆகவே நிறைய வேண்டாம்.

மண்ணும் நீரும் (ஜூன் 11)

மண், நீர் பரிசோதனைக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தருமபுரியில்தான் இருக்கிறேன். செடியைப் பற்றித் தரங்கைக்காரர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. கேள்வியில் போகிறபோக்கில் வந்த அந்த ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கத்தில் ஒதுக்குகிறது. 1,650 உள்ளே போய், பத்தில் மூன்று பங்கு நல்ல நீராக வெளிவந்தால், மீதி ஏழு பங்கில் உப்பு ஏறத்தாழ 2,300க்கு உயரும். லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் வீதம் 20 லிட்டரில் 46 கிராம். நீங்கள் அந்தப் பாத்தியில் ஒரு மாதத்தில் ஒரு கிலோ 380 கிராம் உப்பைக் கொட்டியிருக்கிறீர்கள் அம்மா. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்புக்குப் போக்கிடமில்லை. ஓரம் கருகி உள்நோக்கிப் போவது உப்பு தேங்கியதற்கே உரிய அறிகுறி, ரோஜா அதை மிகக் குறைவாகத் தாங்கும் செடிகளில் ஒன்று.

டி.டி.எஸ். எண்ணை 640ஆல் வகுத்தால், பாசன நீரின் உப்பை அளக்கப் பயன்படும் மின்கடத்துதிறன் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் ஆழ்குழாய் நீர் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 டெசிசீமன்ஸ், ஆர்.ஓ. தள்ளும் நீர் 3.6. பாசனத்துக்கு 0.7க்குக் கீழே இருந்தால் எதற்கும் தடையில்லை, 3ஐத் தாண்டினால் செடியைத் தேர்ந்தெடுத்துத்தான் ஊற்ற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, நீங்கள் ஊற்றுவது அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். அப்படியிருக்க அடும்பு ஏன் சில இடங்களில் செத்துப்போகிறது என்ற கேள்வி எழும்.

கடற்கரைச் செடி உப்பில் குளித்துக்கொண்டே வாழ்கிறது என்று நாம் நினைக்கிறோம். அலை எட்டாத மணல்மேட்டில், இலைமேல் உப்புச் சாரல் விழுகிறதே தவிர, வேர் நிற்கும் மணலில் அவ்வளவு உப்பு தங்குவதில்லை, ஒரு நல்ல மழை பெய்தால் மணல் அதைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். உங்கள் பாத்தியிலோ நிலைமை நேர்மாறு. சாரல் இல்லை, ஆனால் வேருக்கடியில் வந்த உப்பெல்லாம் அங்கேயே இருக்கிறது. அடும்பு உப்பைக் கேட்பதில்லை, பொறுத்துக்கொள்கிறது, அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருப்பது வடிகால். ஆகவே உப்புச் சேர்க்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, ஒரு சிட்டிகைகூட வேண்டாம் என்பதே விடை.

நீர் ஊற்றும் முறையை மாற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதுதான் உப்பு நீருக்கு மிக மோசமான முறை, ஏனென்றால் அது மேல் நான்கு அங்குலத்தை நனைத்து, காய்ந்து, உப்பை அங்கேயே விட்டுப் போகிறது. வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ, பாத்தியின் அடியிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் வரை நிறைய ஊற்றுங்கள். ஆழ்குழாய் நீரானால் ஊற்றியதில் ஏழில் ஒரு பங்கும், ஆர்.ஓ. நீரானால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் அடியில் வெளியேற வேண்டும், அப்போதுதான் வேர்ப்பகுதி மண்ணில் உப்பு 4 டெசிசீமன்ஸைத் தாண்டாமல் நிற்கும். என் விருப்பம், ஆர்.ஓ. நீரைத் தோட்டத்துக்கே விடாமல் வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்வது. நம் மாவட்டத்துப் பாறை நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக்கூடாது. ஆர்.ஓ. ஒதுக்கும் நீரில் அதுவும் செறிந்திருக்கும். கீரைப் பாத்தி இருந்தால் அதற்கு நிச்சயமாக விடாதீர்கள்.

ஜிப்சம் போடச் சொல்லிக் கடையில் ஒரு மூட்டையைத் தலையில் கட்டுவார்கள். மண்ணில் சோடியம் ஏறிக் களர் ஆகியிருந்தால், அதாவது பி.எச். 8.5ஐத் தாண்டி, மழைக்குப் பின் மண் சேறாகக் குழைந்து, காய்ந்தால் ஓடுபோல இறுகினால், ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உவருக்கு அது தேவையில்லை, நல்ல நீரும் வடிகாலும் போதும். பாத்தியின் மேலுள்ள வெள்ளைப் படலத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பு, நுரைக்காமல் கரைந்து போனால் உப்பு. உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அரைக் கிலோ மண்ணும் ஒரு லிட்டர் நீரும் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்குப் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பாலக்கோடு மேட்டுவீடு (ஜூன் 15)

மூவருக்கும் என் நன்றி. ஒரு கிலோ 380 கிராம் என்று படித்ததும் கணவரிடம் காட்டினேன். அவர் சமையலறையிலிருந்து உப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, “மாதம் இதைவிட அதிகமாகவா கொட்டினாய்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த நீர் வாசலுக்குப் போகிறது.

பாரூர் ஐயா சொன்னபடி குழி எடுத்தேன். மாலை ஆறு மணிக்கு நிரப்பியது மறுநாள் காலை ஏழு மணிக்கும் நான்கு விரற்கடை நின்றது. எலுமிச்சைச் சாற்றுக்குப் படலம் ஓரிடத்தில் நுரைத்தது, மற்றோரிடத்தில் நுரைக்கவில்லை, இரண்டும் இருக்கிறது போலும். எனவே அந்த இடத்தை விட்டுவிட்டு, கிழக்குப் பார்த்த வெயில் பகுதியில் மேட்டுப்பாத்தி கட்டச் சொல்லியிருக்கிறேன். கல்லுக்கு மட்டும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை.

ஒரு சந்தேகம். தேங்காய் நார்க் கழிவைக் கலந்தால் ஈரம் நிற்கும் என்கிறார்களே, சேர்க்கலாமா? கொடி வேலியைத் தாண்டி வெளியே ஓடினால் தொல்லை ஆகுமா?

மண்ணும் நீரும் (ஜூன் 15)

நார்க் கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும், நன்றாக அலசாத கழிவில் உங்கள் ஆழ்குழாய் நீரைவிட அதிகம் இருக்கக்கூடும். இந்தச் செடிக்கு ஈரம் நிற்பது உதவியும் அல்ல. வேண்டாம்.

தரங்கைக்காரன், கிருஷ்ணகிரி (ஜூன் 16)

வேலியைத் தாண்ட விடாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டுச் செடியானாலும் அது நெய்தல் நிலத்துக்கு உரியது, நம் பக்கத்து ஆற்று மணலுக்கு உரியதல்ல. மாதம் ஒருமுறை கத்தரித்து, வெட்டிய தண்டை வெயிலில் முழுக்கக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். பச்சையாக ஏரிக்கரையில் கொட்டினால் கணு வேர் விட்டுவிடும். காட்டாமணக்கு அப்படித்தான் ஏரி ஏரியாகப் போயிற்று. ஆடி பிறந்ததும் நடுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்துக் குளிருக்கு வளர்ச்சி நின்று இலை சற்று மஞ்சளாகும், பயந்து எதையும் ஊற்றாதீர்கள்.

பாரூர் ஐயா சொன்ன ஆவாரையையும் வையுங்கள். பாத்தியின் ஈரமான அடிவாரத்துக்குப் பொடுதலை பொருந்தும். ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் ஒருசேரக் காணப்படும் அந்தச் சிறு வெண்பூ உப்பையும் தாங்கும், பாத்தியிலிருந்து கசியும் நீரையும் தாங்கும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுபவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களே ஒரு பிடி கொண்டுவந்து தருவார்கள்.

பாலக்கோடு மேட்டுவீடு (மார்ச் 2)

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆடி முதல் வாரத்தில் நாகையில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் வேலியிலிருந்து ஐந்து தண்டுகள் கொண்டுவந்து நட்டேன். ஒன்று ஊன்றிய வாரமே காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தியின் அடிக்கல் சந்துகளிலிருந்து நீர் வெளியேறுவதைக் கணவர் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். தை மாதம் நீங்கள் சொன்னது போலவே இலை மஞ்சளானது, நான் ஒன்றும் செய்யவில்லை.

மாசி இரண்டாம் வாரம் முதல் பூ. ஆறரை மணிக்கு முறுக்கு அவிழாமல் குடைபோல மூடியிருந்தது, எட்டு மணிக்கு முழுதாக விரிந்து உள்தொண்டையின் அடர்நிறம் தெரிந்தது, இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. நாகையில் பதினோரு ஆண்டுகள் அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு பூவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இதுவே முதல் முறை. இப்போது நாள்தோறும் மூன்று நான்கு பூக்கின்றன. ஆவாரை இரண்டு அடி வளர்ந்திருக்கிறது, ரோஜா மட்டும் தொட்டியில், மழைநீரில்.

இலையும் காம்பும் சேரும் இடத்தில் எறும்புகள் எப்போதும் மொய்க்கின்றன. தவிர, சில இலைகளில் பொத்தான் அளவுக்கு வட்ட வட்டமான ஓட்டைகள் தெரிகின்றன. எறும்பின் வேலையா?

தரங்கைக்காரன், கிருஷ்ணகிரி (மார்ச் 2)

வாழ்த்துகள் அம்மா. எறும்பு இல்லை. காம்பின் நுனியில் இரண்டு சிறு தேன்சுரப்பிகள் இருக்கின்றன, எறும்பு அதற்காக வருகிறது, இலையைத் தின்ன வரும் புழுக்களையும் அதுவே ஓரளவு விரட்டும், அதற்கு மருந்து அடித்துவிடாதீர்கள். ஓட்டை போடுவது ஆமை வண்டு. பொன்னிறத்தில் ஆமை ஓடு கவிழ்த்தது போல இருக்கும், சர்க்கரைவள்ளிக் கொடியிலும் பார்த்திருப்பீர்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துக் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும்.